வீராணம் ஏரியில் கோடைக்கால மீன்பிடிப்பு

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயிலை அடுத்துள்ள வீராணம், முதலாம் பராந்தக சோழன் காலத்து ஏரி. அதன் முழு நீர்மட்டம் 47.5 அடி. கீழணையிலிருந்து வடவாறு வழியே வரும் நீர் குறைந்து கோடையில் ஏரி வற்றும்போது விராலும் கெண்டையும் எளிதில் வலையில் சிக்கும். இதை மீன்வளம் பெருகியதாகக் கொள்வது தவறு. பரப்பு சுருங்க, இருக்கும் மீன்களே பள்ளங்களில் நெருங்குகின்றன. வெப்பமும் அவற்றை வாட்டுகிறது: 20 பாகை செல்சியசில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன், 30 பாகையில் 7.5 மில்லிகிராமே கரையும். காற்றையும் சுவாசிக்கும் விரால் இதைத் தாங்கும். கட்லாவும் ரோகுவும் விடியலில் மேலே வந்து வாய் பிளக்கும். எப்படியும் சாகும் மீனைப் பிடித்தால் என்ன என்பார்கள். ஏரி முற்றிலும் வறளும் ஆண்டில் அது நியாயமே. பள்ளத்தில் நீர் நிற்கும் ஆண்டில், தப்பிய தாய் விரால்களே மழைக்குப் பின் குஞ்சு பொரிக்கின்றன. அவற்றை விட்டுவிடுவதே சரி.