ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் நடுவே: டூபாண்ட் நிறுவனத்தின் ஆராய்ச்சி மேலாண்மை, 1926–1971

நைலான் பிறந்த கதையை மேலாண்மை வகுப்புகளில் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்கள்: ஒரு நிறுவனம் அறிவியலாளர்களுக்குப் பணமும் சுதந்திரமும் கொடுத்தது, அவர்கள் புதிய இழையைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். இது பாதி உண்மை. மறுபாதி ஆய்வகத்துக்கு வெளியே நடந்தது. அதை மறந்ததற்கு டூபாண்ட் நிறுவனமே பின்னாளில் விலை கொடுத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1926 டிசம்பரில், டூபாண்டின் வேதியியல் துறைத் தலைவர் சார்லஸ் ஸ்டைன் நிர்வாகக் குழுவுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். உடனடிப் பயனை எதிர்பாராத அடிப்படை ஆராய்ச்சிக்கு நிறுவனம் பணம் ஒதுக்க வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். அடுத்த ஆண்டே மாதம் 25,000 டாலர் ஒதுக்கப்பட்டது. ஹார்வர்டில் பணியாற்றிய வேதியியலாளர் வாலஸ் கரோதர்ஸ் 1928-இல் டூபாண்டின் ஆய்வகம் இருந்த வில்மிங்டனுக்கு வந்து சேர்ந்தார். மிக நீண்ட மூலக்கூறுகள் உண்மையிலேயே உண்டா என்று வேதியியலாளர்கள் சண்டையிட்டுக்கொண்டிருந்த காலம் அது. அறிந்த வினைகளைக் கொண்டே அத்தகைய மூலக்கூறுகளைக் கட்டிக்காட்ட முனைந்தார் கரோதர்ஸ். 1930 ஏப்ரலில் அவர் குழுவின் ஜூலியன் ஹில், உருகிய பாலியெஸ்டரிலிருந்து ஓர் இழையை இழுத்தார். ஆறிய பிறகும் அது பல மடங்கு நீண்டு பட்டுப்போல் மின்னியது; வலுவும் கூடியது. ஆனால் கொதிநீரின் வெப்பத்தையே அது தாங்கவில்லை. துணிக்கு உதவாது என்று கரோதர்ஸ் வேறு வேலைக்குத் திரும்பிவிட்டார்.

அவரை மீண்டும் இழைக்கு அழைத்து வந்தவர் எல்மர் போல்டன். 1930-இல் ஸ்டைனின் இடத்துக்கு வந்த போல்டனுக்கு, ஆராய்ச்சியின் முடிவில் விற்கத்தக்க ஒரு பொருள் தெரிய வேண்டும். அவர் தூண்டுதலால் 1934-இல், பின்னாளில் நைலானைத் தந்த பாலியமைடுகளில் வேலை தொடங்கியது. இறுதியில் இரண்டு பொருள்கள் போட்டியில் நின்றன. கரோதர்ஸ் விரும்பியது 5-10 வகை. அதற்கு வேண்டிய செபாசிக் அமிலம் ஆமணக்கெண்ணெயிலிருந்து வர வேண்டும். 1935 பிப்ரவரியில் முதலில் தயாரான 6-6 வகையின் உருகுநிலை 260 பாகை செல்சியஸுக்கு மேல்; நூற்பது கடினம். ஆயினும் அதன் இரு மூலப்பொருள்களையும் பென்சீனிலிருந்தே எடுக்கலாம், பென்சீனோ நிலக்கரியிலிருந்து தாராளமாகக் கிடைக்கும். போல்டன் 6-6 வகையைத் தேர்ந்தார். நைலான் வரலாற்றின் தலையாய முடிவு இதுதான் என்பேன். அதை எடுக்க வேதியியல் அறிவு மட்டும் போதாது. டன் கணக்கில் எண்ணிப் பார்க்கும் கண்ணும் வேண்டும்.

1937 ஏப்ரலில் கரோதர்ஸ் மறைந்தபோது விற்பனைக்குரிய நைலான் இன்னும் உருவாகியிருக்கவில்லை. உருகிய பாலிமரில் குமிழி தோன்றினால் இழை அறுந்துவிடும். மூலக்கூறு வளர்ந்துகொண்டே போனால் குழம்பு கெட்டிப்பட்டுவிடும். சிறிதளவு அசெட்டிக் அமிலம் சேர்த்து அந்த வளர்ச்சியை நிறுத்தக் கற்றார்கள். எண்ணெயிட வழியில்லாத அந்த வெப்பத்தில் ஓடக்கூடிய பம்பைப் புதிதாக வடிவமைத்தார்கள். பின்னிய காலுறைகள் சாயத்தொட்டியிலிருந்து சுருங்கி வந்தன. சாயமிடும் முன்பே அச்சில் மாட்டி நீராவியில் வாட்டுவது அதற்குத் தீர்வாயிற்று. மூலப்பொருள்களை மேற்கு வர்ஜீனியாவின் பெல் நகரிலிருந்த அம்மோனியாப் பிரிவு தயாரித்தது. உயர் அழுத்த வினைகளில் அப்பிரிவுக்கு ஏற்கெனவே கைப்பழக்கம் இருந்தது.

இத்தனை சிக்கல்களுக்கிடையே நிர்வாகம் காட்டிய கட்டுப்பாடு வியக்கத்தக்கது. பல் துலக்கும் தூரிகையின் நாராக நைலான் 1938-இலேயே கடைக்கு வந்துவிட்டது. ஆனால் நூலிழையைப் பொறுத்தவரை, எதற்கெல்லாம் அது பயன்படும் என்று அலையாமல், பெண்களின் காலுறை என்ற ஒரே இலக்கில் முயற்சியைக் குவித்தார்கள். டெலவேர் மாநிலத்தின் சீஃபோர்டு ஆலை 1939 டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. 1940 மே 15-இல் அமெரிக்கா முழுவதும் காலுறை விற்பனைக்கு வந்தது. 6-6 முதலில் தயாரானதிலிருந்து ஆலை வரை ஐந்து ஆண்டுகூட ஆகவில்லை.

அதன் பிறகுதான் பாடம் திரிந்தது. நைலானை ஆலைக்குக் கொண்டுசேர்த்த பொறியாளர்களில் முதன்மையான கிராஃபோர்டு கிரீன்வால்ட் 1948-இல் நிறுவனத்தின் தலைவரானார். ஆனால் அவர் தலைமையிலும், அடிப்படை ஆராய்ச்சியைப் பெருக்கினால் புதிய நைலான்கள் பிறக்கும் என்று டூபாண்ட் நம்பியது. பிரிவுகள்தோறும் ஆய்வகங்கள் பெருகின. டேவிட் ஹவுன்ஷெல், ஜான் கென்லி ஸ்மித் இருவரும் 1988-இல் வெளியிட்ட வரலாறு இந்த நம்பிக்கையின் ஏமாற்றத்தை விரிவாகவே காட்டுகிறது. 1965-இல் டூபாண்டின் வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக்கின் வேலையிலிருந்து கெவ்லார் என்ற வலுவான இழை வந்தது உண்மை. ஆனால் 1964-இல் ஆரவாரத்துடன் சந்தைக்கு வந்த கோர்ஃபாம் என்ற செயற்கைத் தோல் வேறு கதை. அது உழைத்தது, பளபளத்தது. ஆனால் தோல் செருப்பைப்போல் நாளடைவில் காலுக்கு இசைந்து கொடுக்கவில்லை. கீழே மலிவான வினைல், மேலே உண்மைத் தோல் என்று இரண்டுக்கும் நடுவில் சிக்கியது. ஏறத்தாழ 10 கோடி டாலர் இழப்புடன் 1971-இல் அதைக் கைவிட்டார்கள்.

டூபாண்டின் பழைய ஆவணங்கள் வில்மிங்டன் அருகே ஹாக்லி நூலகத்தில் இருக்கின்றன. ஆராய்ச்சி மேலாண்மையைப் பயிலும் நம் மாணவர்கள் கரோதர்ஸின் கடிதங்களோடு நின்றுவிடாமல், நைலானை ஆலைக்குத் தயார்ப்படுத்திய சோதனை ஆலையின் அறிக்கைகளையும் தேடிப் படிக்க வேண்டும்.