மெக்னீசியம் மாத்திரை போட்டா நல்லா தூக்கம் வருமா? காலேஜ் விளையாட்டு வீரர்கள் வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

சாயங்காலம் 7 மணி வரை பிராக்டீஸ். ஹாஸ்டலுக்கு வந்து குளித்து, மெஸ்ஸில் சாப்பிட்டு, ரெக்கார்ட் எழுதி முடிக்கும்போது மணி 11. உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். ஆனா தூக்கம் மட்டும் வராது. போனை எடுத்தால் ஒரு ரீல்ஸ் ஓடுது: "டெய்லி நைட் மெக்னீசியம் போடுங்க ப்ரோ, படுத்ததும் தூங்கிடுவீங்க, காலையில மசில் பெயினே இருக்காது!" கீழேயே வாங்குவதற்கு லிங்க்.

அந்த லிங்க்கைத் தட்டும் முன் இதைப் படிச்சிடுங்க. மெக்னீசியம் டுபாக்கூர் கிடையாது. ஆனால் அது யாருக்கு, எந்த அளவுக்கு உதவும் என்பதில்தான் விஷயமே இருக்கு.

மெக்னீசியத்துக்கு உடம்பில் என்ன வேலை?

நம் உடம்பில் மொத்தம் சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் எலும்பில். மீதியில் பெரும்பகுதி தசைகளிலும் மற்ற திசுக்களிலும். 300-க்கும் மேற்பட்ட என்சைம்கள் வேலை செய்ய இது தேவை. தசை சுருங்கவும் ஓடவும் சக்தி தரும் ஏடிபி என்ற மூலக்கூறு, மெக்னீசியத்தோடு சேர்ந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். சுருங்கிய தசை தளர்வதிலும், மூளையில் நரம்புகளின் பரபரப்பை அடக்குவதிலும் இதற்குப் பங்கு உண்டு. 'தூக்கத்துக்கு மெக்னீசியம்' என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்பியது.

தூக்கத்துக்கு உண்மையிலேயே உதவுமா?

கொஞ்சம் உதவலாம். ஆனால், விளம்பரம் சொல்ற அளவுக்கு இல்லை. 2021-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, தூக்கமின்மை உள்ள முதியவர்களிடம் நடந்த மூன்று பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. மொத்தம் 151 பேர். மெக்னீசியம் எடுத்தவர்கள் சராசரியாக 17 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். ஆனால், இந்த ஆதாரத்தின் தரம் குறைவு என்று ஆய்வாளர்களே சொல்லிவிட்டார்கள்.

கவனிங்க, அவர்கள் முதியவர்கள். 20 வயதில் தினமும் மூன்று மணி நேரம் கிரவுண்டில் ஓடும் உங்களுக்கும் அதே பலன் கிடைக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

கிராம்ப் நிற்குமா?

கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் "உனக்கு மெக்னீசியம் கம்மி" என்று ஜிம் அண்ணன் சொல்வார். 2020-ல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு வேறு மாதிரி சொல்கிறது: வயதானவர்களின் தசைப்பிடிப்பைத் தடுப்பதில் மெக்னீசியத்தால் பெரிய பலன் இருக்க வாய்ப்பில்லை. உடற்பயிற்சியால் வரும் கிராம்புக்கோ, அந்தத் தொகுப்பில் சேர்க்க முறையான பரிசோதனை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

வியர்வையில் மெக்னீசியமும் போகும்தான். ஆனால் அதைவிடப் பல மடங்கு அதிகமாகப் போவது உப்பு. மே மாத வெயிலில் ஓடிவிட்டு வெறும் தண்ணீரை மட்டும் குடிக்காதீங்க. உப்பு போட்ட மோர், எலுமிச்சை ஜூஸ், ஓஆர்எஸ் ஏதாவது ஒன்று சேரட்டும். தசை பழகாத வேகத்தில், அளவுக்கு மீறி ஓடினாலும் கிராம்ப் வரும்.

உங்களுக்குக் குறைபாடு இருக்கா?

அமெரிக்கப் பரிந்துரைப்படி, 19 முதல் 30 வயது வரை ஆண்களுக்குத் தினமும் 400 மில்லிகிராம், பெண்களுக்கு 310 மில்லிகிராம் தேவை. ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்துக் குறைபாட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம். காரணம், உடம்பின் மெக்னீசியத்தில் ஒரு சதவிகிதத்துக்கும் குறைவாகத்தான் ரத்தத்தில் இருக்கிறது. அதனால், முதலில் உங்க தட்டைப் பாருங்க. மூன்று வேளையும் வெள்ளை அரிசி, மைதா பரோட்டா, பிஸ்கட், டீ என்று ஓடினால் பற்றாக்குறைக்கு வாய்ப்பு உண்டு. அரிசியைத் தீட்டும்போதே மெக்னீசியத்தில் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடும்.

தட்டிலேயே எவ்வளவு கிடைக்கும்? தோராயக் கணக்கு இது:

• 50 கிராம் கேழ்வரகு மாவில் செய்த கஞ்சி அல்லது தோசை: 70 மி.கி.
• ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டல்: 80 மி.கி.
• அரை கப் வேகவைத்த பசலைக்கீரை: 75 மி.கி.
• ஒரு கைப்பிடி வேர்க்கடலை: 50 மி.கி.
• ஒரு வாழைப்பழம்: 30 மி.கி.

கூட்டிப் பாருங்க, 305 மி.கி. மற்ற சாப்பாட்டையும் சேர்த்தால் நாள் தேவை கிட்டத்தட்ட முடிஞ்சது. கூடவே புரதம், நார்ச்சத்து, இரும்புச்சத்தும் போனஸ். ஹாஸ்டல் ரூமில் வேர்க்கடலை டப்பா ஒன்று இருந்தாலே பாதிக் கவலை தீரும். காசு இருந்தால் பூசணி விதை வாங்குங்க. 28 கிராமிலேயே 150 மி.கி. கிடைக்கும்.

மாத்திரைதான் வேணும் என்றால்...

லேபிளில் 'எலிமெண்டல் மெக்னீசியம்' எவ்வளவு என்று தேடுங்க. முன்பக்கம் பெரிய எழுத்தில் 'மெக்னீசியம் கிளைசினேட் 1000 மி.கி.' என்று இருந்தாலும், அதில் உள்ள உண்மையான மெக்னீசியம் சுமார் 140 மி.கி.தான்.

ஆக்ஸைடு: விலை குறைவு. உடம்பில் சேர்வதும் குறைவு. வயிற்றைக் கலக்கும்.

சிட்ரேட்: ஓரளவு நன்றாகச் சேரும். ஆனால் மலமிளக்கும். மேட்சுக்கு முந்தின நாள் புதுசா ஆரம்பிக்காதீங்க!

கிளைசினேட்: வயிற்றுக்கு இதமானது. விலை கூடுதல்.

மாத்திரை, பவுடர் வழியாக ஒரு நாளைக்கு 350 மி.கி.யைத் தாண்ட வேண்டாம் என்கிறது அமெரிக்க வரம்பு. ஐரோப்பிய வரம்பு 250 மி.கி. சாப்பாட்டில் இருந்து கிடைப்பது இந்தக் கணக்கில் வராது. அளவு மீறினால் முதலில் வரும் பிரச்னை வயிற்றுப்போக்கு.

சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. சிப்ரோஃப்ளாக்சசின், டாக்ஸிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாடிக் எடுப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்க. இரண்டையும் சேர்த்துப் போட்டால் அந்த மருந்து உடம்பில் சரியாகச் சேராது.

டோப்பிங் பயம் உண்டா?

மெக்னீசியம், உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான வாடாவின் தடைப்பட்டியலில் இல்லை. ஆபத்து டப்பாவுக்குள் வேறு என்ன கலந்திருக்கிறது என்பதில்தான். 'ஸ்லீப் அண்ட் ரெகவரி' என்று பத்துப் பொருள் கலந்து வரும் பவுடர்களில் கவனம் தேவை. மாதிரியில் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தால், "எனக்குத் தெரியாது சார்" என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. தடை 4 ஆண்டு வரை போகலாம். கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகளிலும் நாடா சோதனை நடத்துகிறது. அதனால் மெக்னீசியம் மட்டும் உள்ள, 'இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்' போன்ற தரச்சான்று பெற்ற டப்பாவையே தேர்ந்தெடுங்க. பில்லையும் பேட்ச் நம்பரையும் போட்டோ எடுத்து வைங்க.

இன்னொன்று: டயர்டா இருக்கு என்று க்ளினிக்கில் போய் 'டிரிப்ஸ்' ஏற்றிக்கொள்ளும் பழக்கம். 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவது, ஆஸ்பத்திரி சிகிச்சை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, விதிமீறல். உள்ளே போவது வெறும் குளுக்கோஸ், மெக்னீசியம் என்றாலும்!

மாத்திரையை விட வலுவானது எது?

2011-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்து அணியின் 11 வீரர்களை, 5 முதல் 7 வாரங்களுக்கு, தினமும் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். சுமார் 86 மீட்டர் ஸ்பிரிண்ட் ஓட எடுத்த நேரம் 16.2 விநாடியில் இருந்து 15.5 ஆகக் குறைந்தது. ஃப்ரீ த்ரோ துல்லியம் 9 சதவிகிதம் கூடியது. சின்ன ஆய்வுதான், ஒப்பிட இன்னொரு குழுவும் இல்லை. இருந்தாலும், அவர்கள் காசு கொடுத்து எதையும் வாங்கவில்லை, தூங்கினார்கள், அவ்வளவுதான்.

உங்களால் 10 மணி நேரம் முடியாது, சரி. 6 மணி நேரத்தை ஏழரை ஆக்க முடியுமா என்று பாருங்க. பிராக்டீஸ் முடிந்ததும் குடிக்கும் அந்த ஸ்ட்ராங் காபியை விடுங்க. காபியில் உள்ள கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். போனை கைக்கு எட்டாத இடத்தில் சார்ஜ் போடுங்க. மதியம் 20 நிமிடம் கண் அசருங்க.

இதெல்லாம் செய்தும் மூன்று, நான்கு வாரமாகத் தூக்கம் வரலையா? படுத்தால் கால் குடைச்சலா? சின்ன ஓட்டத்துக்கே மூச்சு வாங்குதா? மெக்னீசியத்தை மட்டும் சந்தேகப்படாதீங்க. இரும்புச்சத்து குறைந்தாலும் இப்படி ஆகும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதிகிதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது தேசிய குடும்பநல ஆய்வு. வீராங்கனைகள் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்த்துவிடுவது நல்லது. மனசில் ஏதாவது அழுத்தினால், அதையும் டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்க.

ஆக, முதலில் தூக்க நேரம், அடுத்து சாப்பாடு, அப்புறம் தேவைப்பட்டால் டாக்டர் சொல்லும் அளவில் மாத்திரை. இந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிறவர், அநேகமாக உங்களிடம் எதையோ விற்கப் பார்க்கிறார்!