டிமீன்: ஒரு எழுத்து, ரெண்டு பிறப்பு

போன அப்ரைசலில் மேனேஜர் ஒரு வரி எழுதியிருந்தார். என் 'டிமீனர்' நன்றாக இருக்கிறதாம். எனக்கு 'டிமீன்' என்றால் மட்டம் தட்டுவது என்றுதான் தெரியும். பாராட்டா திட்டா என்று புரியாமல் அரை நாள் வேலை ஓடவில்லை :-) அப்புறம்தான் அகராதியைத் தோண்டினேன்.

ஆங்கிலத்தில் டிமீன் ஒன்றல்ல, ரெண்டு. எழுத்து ஒன்று, பிறப்பு வேற.

மூத்தது 1300 வாக்கில் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. நடத்திக்கொண்டு போவது என்று பொருள். அதற்கும் முன்னால் லத்தீனில் 'மினாரே', அதாவது சத்தம் போட்டு மிரட்டி மாடு ஓட்டுவது. மிரட்டலைக் குறிக்கும் 'மெனஸ்' இதற்குப் பங்காளி. மாட்டை ஓட்டின சொல், தன்னைத்தானே நடத்திக்கொள்வது என்று மாறி, நடத்தை ஆகிவிட்டது. சில்லறைக் குற்றத்துக்குச் சொல்கிற 'மிஸ்டிமீனர்' இந்த வழிதான். நம்ம 'நடத்தை'யும் 'நட'விலிருந்து வந்ததுதானே!

இளையது 1600 வாக்கில் வந்தது. 'மீன்' (குழம்பு வைக்கிற மீன் இல்லைங்க) என்றால் கீழானது. அதன் முன்னால் 'டி' சேர்த்தால் கீழே இறக்குவது. ஆனால் பழைய ஆங்கிலத்தில் இந்த மீனுக்கு 'எல்லாருக்கும் பொதுவானது' என்றுதான் அர்த்தம். பொது சாதாரணமாகி, சாதாரணம் மட்டமாகிவிட்டது. பண்ணையில் உழைத்தவனைக் குறித்த சொல்தான் 'வில்லன்' ஆச்சு. நாம மட்டும் யோக்கியமா? 'பொதுமகளிர்' என்று யாரைச் சொன்னோம்? மக்கள் சேர்ந்து வாழும் இடமான 'சேரி'யை என்ன செய்து வைத்திருக்கிறோம்?

எனக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. நான் கொல்லிமலை, தேவனூர் நாடு. நாங்கள் 'மலையாளி', அதாவது மலையை ஆள்கிறவன், மலையில் வாழ்கிறவன் என்று எங்கள் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். காலேஜ் ஹாஸ்டலில் இதைச் சொன்னதும் முதல் கேள்வி, "கேரளாவா மச்சி?" இல்லை என்று விளக்கிய பிறகு கிடைத்த பெயர் 'காட்டான்'. நாலு வருஷம் அதற்கு நானும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். அதுதான் இப்போது உறுத்துகிறது.

சின்ன வயதில் தாத்தாவோடு மிளகு மூட்டையை பஸ்ஸில் ஏற்றி, எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, கீழே ஒரு கடைக்குப் போவேன். கடைக்காரருக்கு என் அப்பா வயசுதான் இருக்கும். "ஏய், என்னா கொண்டாந்திருக்க?" என்பார். தாத்தா, "நல்லா காஞ்ச சரக்குங்க, நீங்களே பாருங்க" என்பார். ஒரு தடவை கூட 'நீங்க' தவறினதில்லை. பயம் என்று அப்போது நினைத்தேன். ஊரில் எங்கள் வீட்டு நண்டுசிண்டுகளிடம் கூட அவர் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. அந்தக் கடையில் ரெண்டு டிமீனும் எதிரும் புதிருமாக நின்றிருக்கின்றன. எனக்குத்தான் அகராதி இல்லை.

மேனேஜருக்கு நன்றி சொல்லி மெயில் போட்டாச்சு. ஒரு நாள் லேட்.