ஆற்று நீரில் கிடைத்த வெப்பம்

பழைய கட்டடம் ஒன்றைப் புதுப்பிப்பது, புதிய கட்டடம் ஒன்றை எழுப்புவதைக் காட்டிலும் அரிய செயல். புதியதைக் கட்டுகிறவன் தன் விருப்பம்போல் கட்டலாம். பழையதைத் தொடுகிறவனோ முன்னோரின் கைத்திறனுக்குக் கட்டுப்பட்டவன். குளிர் நாடுகளில் இவ்வருமை இரு மடங்காகும். அங்கே கணப்பு இல்லாத வீட்டில் மக்கள் குளிர்காலத்தைக் கழிக்க இயலாது. பழைய கட்டடத்தின் அழகைக் குலைக்காமல் அதற்கு வெப்பமூட்டுவது எவ்வாறு? இவ்வினாவுக்கு ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகரம் 1937-38-இல் கண்ட விடையை மாணவ நண்பர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

சூரிச் ஏரியினின்று புறப்படும் லிம்மாத் ஆறு அந்நகரின் நடுவே ஓடுகிறது. அவ்வாற்றின் நீர்ப்பரப்பின் மீதே எழுந்து நிற்பது பழைய நகர மன்றம். 1694-இல் தொடங்கி 1698-இல் கட்டி முடித்தனர். ஆட்சி மன்றத்தார் பல தலைமுறைகளாக அங்கே கூடிச் சட்டங்கள் இயற்றினர். அம்மண்டபத்தில் விறகு அடுப்புகளே குளிர் போக்கின. அவற்றை அகற்ற வேண்டிய காலம் வந்தபோது, எதனைக் கொண்டு மாற்றுவது என்னும் வினா எழுந்தது.

நிலக்கரிக் கொதிகலம் வைக்கலாம். ஆனால் ஸ்விட்சர்லாந்தின் நிலக்கரித் தேவை பெரிதும் வெளிநாட்டு இறக்குமதியைச் சார்ந்தது. அந்நாட்டுக்கு இயற்கை அளித்த செல்வம் மலைகளினின்று வீழும் நீரும், அதனால் விளையும் மின்சாரமுமே. மின்சாரத்தை நேரே கம்பிச் சுருளில் செலுத்திச் சூடாக்கலாமெனினும், ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஒரு பங்கு வெப்பமே கிடைக்கும். அதனினும் சிறந்த வழி ஒன்று இருந்தது. அதுவே வெப்பப் பம்பு.

இதன் வரலாறு நெடியது. வெப்பத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைப் பிரெஞ்சு அறிஞர் சாடி கார்னோ 1824-இல் ஆராய்ந்து வெளியிட்டார். பின்னாளில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தாம்சன், இயந்திரத்தின் துணையால் வெளிக் காற்றின் வெப்பத்தையே கட்டடத்துக்குள் கொணரலாம் என 1852-இல் கூறினார். ஆஸ்திரியாவின் பீட்டர் ஃபான் ரிட்டிங்கர் 1856-இல் எபென்சே என்னும் ஊரில் உப்புநீரைக் காய்ச்ச இத்தகைய இயந்திரத்தை அமைத்தார். ஸ்காட்லாந்தில் தம் இல்லத்திலேயே சோதனை நடத்திய ஹால்டேன், 1930-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்.

குளிர்ந்த ஆற்றில் வெப்பம் ஏது என்று நீங்கள் கேட்கலாம். உறையாத நீரிலும், ஏன், பனிக்கட்டியிலும்கூட வெப்பம் உண்டு. ஆயினும் அது தாழ்ந்த நிலையில் கிடப்பது. கிணற்று நீரை ஏற்றமிட்டு மேலே இறைப்பதுபோல, தாழ்ந்த வெப்பத்தை உயர்ந்த நிலைக்கு ஏற்றுகிறது வெப்பப் பம்பு. எளிதில் ஆவியாகும் திரவம் ஒன்று ஆற்று நீரின் வெப்பத்தை உண்டு ஆவியாகிறது. அவ்வாவியை அழுத்தினால் அதன் சூடு ஏறுகிறது. பின் அது திரவமாகும்போது வெப்பத்தைக் கட்டடத்துக்கு அளித்துவிடுகிறது.

கிணறு ஆழமானால் உழைப்பும் மிகும் அன்றோ? இங்கும் அப்படியே. ஆற்று நீர் 5 பாகை செல்சியஸ் எனவும், கணப்புக்குழாயின் நீர் 60 பாகை எனவும் கொள்வோம். கெல்வின் அளவையில் இவை 278, 333. வேறுபாடு 55. 333-ஐ 55-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 6. ஒரு பங்கு மின்சாரத்துக்குக் கிடைக்கக்கூடிய வெப்பத்தின் உச்ச எல்லை அதுவே. 35 பாகையே போதுமெனில், 308-ஐ 30-ஆல் வகுக்க, எல்லை 10-ஐத் தாண்டுகிறது. மெய்யான இயந்திரம் இதில் பாதியளவு தந்தாலே நன்று. எனினும் ஒப்பீடு மாறாது.

எஷர் வீஸ் நிறுவனம் நகர மன்றத்துக்கு அமைத்த பம்பு, லிம்மாத் நீரினின்று வெப்பம் எடுத்து, 60 பாகைச் சூட்டில் சுமார் 100 கிலோவாட் அளவு வெப்பம் வழங்கியது. மன்றத்தின் அமைதியைக் கெடுக்காத சுழல் அழுத்தியைத் தேர்ந்தெடுத்தனர். கோடையில் அதே இயந்திரம் மண்டபத்தைக் குளிர்விக்கவும் வல்லதாயிருந்தது.

1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. நிலக்கரி வரத்து சுருங்கி, மக்கள் குளிரில் வாடும் நிலை வந்தது. அந்நாளில் சூரிச் நகரம் வெப்பப் பம்பை மேலும் நாடியது; 1942-இல் அங்குள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகமும் லிம்மாத்தினின்று வெப்பம் பெற்றது. போருக்குப் பின் எண்ணெய் மலிந்ததால் உலகம் இம்முறையைப் பெரிதும் மறந்தது. 1973-இன் எண்ணெய் நெருக்கடி அதனை மீண்டும் நினைவூட்டியது. நகர மன்றத்துப் பம்போ 2001 வரை, அறுபது ஆண்டுகளுக்கு மேல், உழைத்தது.

இதில் ஒரு நிழலையும் காட்டவேண்டும். அப்பம்பில் பயன்பட்ட ஆர்-12 என்னும் குளிர்பொருள் தீப்பற்றாதது, நஞ்சு குறைந்தது எனப் போற்றப்பெற்றது. அவ்வகைப் பொருள்கள் வானின் ஓசோன் படலத்தை அரிக்கும் என மொலினாவும் ரோலண்டும் 1974-இல் எச்சரித்தனர். 1987-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கை அவற்றை விலக்க வழிகோலியது. ஒரு காலத்தின் நன்மையை மறு காலம் சோதித்தே ஏற்கிறது.

பழைய வீட்டுக்கு வெப்பப் பம்பைத் தேர்பவர் இன்றும் இவ்வரலாற்றினின்று கற்கலாம். முதலில் இயந்திரத்தை அன்று, வீட்டையே ஆராய வேண்டும். காற்றுப் புகும் இடுக்குகளை அடைத்து, கூரைக்கும் சுவருக்கும் காப்பிட்டு, கணப்புத் தகடுகளைப் பெரிதாக்கினால், குறைந்த சூடே போதும். ஏற்றத்தின் உழைப்பும் குறையும். அடுத்து, வெப்பம் எங்கிருந்து வரும் என்று பார்க்கவேண்டும். வெளிக் காற்று எங்கும் கிடைக்கும். ஆனால் கடுங்குளிரில், தேவை மிகும் வேளையில், அதுவும் குளிர்ந்துவிடும். ஆழ்மண் அத்துணை மாறாது. அதற்குத் தோண்டும் செலவு உண்டு. ஆறு அருகிருப்போர்க்கு ஆறே துணை.

சூரிச் மக்கள் தம் நாட்டில் இல்லாத நிலக்கரியை எண்ணி ஏங்கியிருக்கவில்லை. தம் மன்றத்தின் அடியில் நாள்தோறும் ஓடிய நீரை நோக்கினர். நம்மிடம் இருப்பது யாது என்று முதலில் கணக்கிடும் அவ்வறிவு, வெப்பமூட்டும் தொழிலுக்கு மட்டும் உரியதன்று. மாணவர்களாகிய உங்களுக்கும் உரியது.