இரும்பைக் காத்த கொழுப்பு

பண்ருட்டியை அடுத்த திருவதிகையில் கெடில ஆற்றங்கரையில் நிற்கும் வீரட்டானேசுவரர் கோயில், தேவாரப் பாடல் பெற்ற தலமாக விளங்கியதோடு, பதினெட்டாம் நூற்றாண்டின் கர்நாடகப் போர்களில் கோட்டையாகவும் பயன்பட்டது. 1750இல் பிரெஞ்சுப் படை அதைக் கைப்பற்றி, அதே ஆண்டில் ஆங்கிலேயர் ஆதரித்த ஆர்க்காட்டு நவாப் முகமது அலியின் படையை அருகிலேயே முறியடித்தது. 1753இன் தொடக்கத்தில் ஆங்கிலத் தளபதி ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் அங்கே பாசறை அமைத்திருந்தார். இரு தரப்பாரும் ஏந்தியது மஸ்கட், அதாவது குழலின் வாய்வழியே மருந்து கெட்டித்து, சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கவைக்கும் நீண்ட துப்பாக்கி.

கரிமருந்து எரிந்தபின் குழலில் படியும் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவாக்கும் என்பதால், சுட்டு முடித்ததும் குழலை நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெயோ விலங்குக் கொழுப்போ தடவுவது வழக்கமாயிருந்தது. ஆயினும் வெளிப்புறம் வெள்ளிபோல் மின்ன வேண்டும் என்று ஆங்கிலப் படை வற்புறுத்தியதால், சிப்பாய்கள் செங்கற்பொடியை எண்ணெயில் குழைத்து ஓயாமல் தேய்த்தார்கள். அந்தத் தேய்ப்பில் குழலின் சுவர் மெலிந்தது, பொறித்த முத்திரைகளும் மழுங்கின. பழைய துப்பாக்கிகளுக்குத் துருவைவிடத் துடைத்த கையே அதிகக் கேடு செய்தது என்று சொன்னால் மிகையாகாது.

விலங்குக் கொழுப்பு நாள்பட்டால் கெட்டுப்போய் அமிலம் கக்கி, காக்க வேண்டிய இரும்பையே அரிக்கும். பெட்ரோலிய ஜெல்லிக்கு அமெரிக்காவில் 1872இல் காப்புரிமை வழங்கப்பட்ட பின்னர், கெட்டுப்போகாத கனிமக் கொழுப்புகள் விலங்குக் கொழுப்பின் இடத்தைப் பிடித்தன. அவற்றுள் பிலடெல்பியாவில் உருவான காஸ்மோலின் என்னும் பழுப்புநிற மெழுகுக் கிரீஸ் உலகப் போர்க்காலத்தில் பெயர்பெற்றது. கிடங்கில் பல்லாண்டு கிடந்தால் அதன் எண்ணெய்ப் பகுதி வற்றி, எஞ்சிய மெழுகு திருகுகளின் தலையிலும் வில்சுருளின் அடியிலும் மரக்கட்டையின் நரம்புகளிலும் இறுகிவிடுகிறது.

இதை நீக்குவதில் முதல் விதி சுரண்டாமை. ஏறத்தாழ 50 பாகை வெப்பத்தில் இந்தக் கிரீஸ் இளகுமாதலால், உலோக உறுப்புகளை மிதமாகச் சூடாக்கி வழியவிட்டு, மிச்சத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியாலும் மென்தூரிகையாலும், இடுக்குகளில் மூங்கில் குச்சியாலும் எடுப்பார்கள். மரக்கட்டையை எண்ணெயில் ஊறவிடாமல், இளஞ்சூட்டில் கசிவதைத் துணியால் ஒற்றி எடுப்பார்கள். கிரீஸ் நீங்கிய இரும்பு கடற்காற்றில் விரைவில் துருவேறும் என்பதால், உடனே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இட வேண்டும்.

தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த படைக்கலங்களைக் காட்சிக்கு வைத்துள்ள எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில், வெண்கலச் சிலைகளின் அரிப்பைத் தடுக்கும் பொருட்டு 1930இல் தொடங்கிய வேதியியல் பாதுகாப்புக்கூடம், இத்தகைய வேலை பொறுமையும் அறிவியலும் கூடியது என்பதை நிலைநாட்டியது. பழைய படைக்கலங்களைப் பொறுப்பில் வைத்திருப்போர், உப்புத்தாளைக் கையில் எடுக்குமுன் அத்தகைய வேதியியலாளரின் கருத்தைக் கேட்டறிய வேண்டும்.