மலைவழியில் ஒரு குழந்தையின் எடை

கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத் வரையிலான மலைவழி ஏறத்தாழ 16 கிலோமீட்டர். கோயில் இருப்பது 3,583 மீட்டர் உயரத்தில். நடக்க இயலாதவர்களை நால்வர் தோளில் தூக்கிச் செல்லும் இருக்கைக்கு அங்கே ‘டண்டி’ என்று பெயர். ஒரே மனிதர் முதுகில் சுமக்கும் பின்னல் கூடைக்குக் ‘கண்டி’ என்று பெயர். குழந்தைகளும் உடல் தளர்ந்த முதியோரும் இந்தக் கண்டியில்தான் மலையேறுவர். அண்மைக் காலத்தில் இமயமலை நடைவழிகளில் மற்றொரு காட்சியும் தென்படத் தொடங்கியிருக்கிறது: அலுமினியச் சட்டம், இடுப்புப் பட்டை, வெயில் மறைப்பு ஆகியவற்றோடு கூடிய சுமைப்பையில் தம் குழந்தையைத் தாமே சுமந்து ஏறும் இளம் பெற்றோர்.

அப்படியொரு பையை வாங்க எண்ணுவோர் கடையில் கேட்பவை சில கேள்விகளே. எத்தனை கிலோ தாங்கும், தோள் வலிக்குமா, குழந்தைக்கு எத்தனை மாதம் ஆகியிருக்க வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு இந்திய மலைகளில் நீண்ட வரலாறு உண்டு. கடையில் எவரும் கேட்காத ஒரு கேள்வி அந்த வரலாற்றின் நடுவே நிற்கிறது: சுமப்பது யாருடைய முதுகு?

சமவெளியில் குழந்தையின் இடம் இடுப்பு. ‘ஒக்கல்’ என்ற சொல்லைத் தமிழ் அதற்கென்றே வைத்திருக்கிறது. முதுகில் குழந்தையை ஏற்றுவது நமக்கு விளையாட்டு. அதனால்தான் அதற்கு ‘உப்பு மூட்டை’ என்று ஒரு வணிகச் சரக்கின் பெயர் வாய்த்தது. மலையில் நிலைமை வேறு. ஏற்றத்தில் உடல் முன்னே சாய வேண்டும். ஒரு பக்க இடுப்பில் எடை இருந்தால் கால் தடுமாறும்; இரு கைகளும் பாறைக்கோ விறகுக்கோ தேவைப்படும். ஆகவே குழந்தை முதுகுக்குப் போகிறது. மிசோரத்தில் நெய்த துணியால் குழந்தையை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொள்வர். மிசோ மொழியில் சுமை தூக்குவதற்கு ‘பூர்’ என்று ஒரு வினை. குழந்தையை முதுகில் கட்டிச் சுமப்பதற்குப் ‘புவாக்’ என்று வேறொரு வினை. சுமையும் குழந்தையும் ஒரே முதுகில்தான் ஏறுகின்றன. ஆயினும் மொழி அவற்றை ஒன்றாகக் கருதவில்லை.

ஒக்கலிலும் சரி, முதுகுத் துணியிலும் சரி, குழந்தையின் கால்கள் விரிந்து, முழங்கால்கள் சற்று உயர்ந்து, தொடைகள் தாங்கப்பட்டிருக்கும். கால்களை நீட்டி இறுகச் சுற்றிவைக்கும் வழக்கமுள்ள சமூகங்களில் குழந்தைகளின் இடுப்பு மூட்டு நழுவுதல் அதிகமாகவும், கால் விரித்துச் சுமக்கும் சமூகங்களில் குறைவாகவும் காணப்படுவதை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கின்றனர். விலையுயர்ந்த பைகளின் விளம்பரங்கள் இன்று பெருமையோடு சொல்லும் ‘சரியான இருக்கை நிலை’ நம் பாட்டிமார் இடுப்பில் இருந்த அதே நிலைதான்.

சரக்குச் சுமையின் கதை வேறு. கிழக்கு இமயத்திலும் வடகிழக்கிலும் பெருஞ்சுமையைத் தாங்குவது தோளன்று, நெற்றி. டார்ஜிலிங் மலைகளில் ‘டோக்கோ’ என்னும் கூடையை ‘நாம்லோ’ என்னும் பட்டை நெற்றியிலிருந்து தாங்கும். காசி மலைகளில் கூடைக்குக் ‘கோ’ என்றும் பட்டைக்கு ‘ஸ்தார்’ என்றும் பெயர். பட்டை உச்சிக்குச் சற்று முன்னே பதிய, எடை கழுத்தெலும்பு வழியே நேராக முதுகெலும்பில் இறங்கும். நேபாளச் சுமைதூக்கிகளைப் பற்றி 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வில், அளக்கப்பட்ட ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 விழுக்காடும் பெண்கள் 66 விழுக்காடும் சுமந்தனர். அவ்வளவு எடைக்கும் அவர்கள் உடல் செலவிட்ட ஆற்றல் வியக்கத்தக்க அளவு குறைவு. ஆனால் அந்தக் கழுத்து சிறுவயதிலிருந்தே பழகியது. மாதம் ஒருமுறை மலைக்குப் போகும் நகரவாசி நெற்றிப் பட்டையைப் போட்டுப் பார்ப்பது அறிவுடைமையாகாது.

அப்படிப் பழகிய முதுகுகளுக்குக் கூலி உண்டா என்ற கேள்விக்குக் குமாவுன் மலைகள் ஒரு விடை சொல்லின. ஆங்கிலேயர் ஆட்சியில் அங்கே சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளின் கூடாரங்களையும் பெட்டிகளையும் ஊரார் முறைவைத்துச் சுமக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது. கூலியின்றிச் சுமப்பது ‘குலி பேகார்’. பெயரளவுக் கூலிக்குச் சுமப்பது ‘குலி உதார்’. வருபவர்களுக்கு உணவுப் பண்டங்கள் கொடுத்தாக வேண்டியது ‘குலி பர்தாயிஷ்’. கொடுமையை மூன்றாக வகுத்துப் பெயரிட்ட அந்த நிர்வாகத் துல்லியம் கவனிக்கத்தக்கது. யாருடைய முறை எப்போது என்பதை ஊர்த்தலைவர்கள் பதிவேட்டில் எழுதிவைத்தனர். உழவு நாளானாலும் அறுவடை நாளானாலும் பெயர் வந்தால் போயாக வேண்டும்.

1921 ஜனவரி 14. நம்மூரில் பொங்கல் காலம். அங்கே உத்தராயணித் திருவிழா. சரயுவும் கோமதியும் கூடும் பாகேஷ்வரில் மக்கள் திரண்டனர். பத்ரி தத் பாண்டே முதலியோர் முன்நிற்க, இனிச் சுமப்பதில்லை என்று உறுதிபூண்டு, ஊர்த்தலைவர்கள் அந்தப் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் எறிந்தனர். அதன்பின் அந்த முறை அங்கே நிற்கவில்லை. 1929இல் காந்தி பாகேஷ்வருக்கே வந்தார். நம் பள்ளிப் பாடநூல்களில் உப்புக்கும் கதருக்கும் கிடைத்த இடம் இந்தப் பதிவேடுகளுக்குக் கிடைத்ததில்லை. ஒருவேளை அவை மலையில் நடந்ததாலோ என்னவோ.

கட்டாயம் போனபின் எஞ்சியது கூலி வேலை. வைஷ்ணவ தேவி கோயிலுக்குக் கட்ராவிலிருந்து ஏறும் வழியில், யாத்திரிகரின் மூட்டையையும் குழந்தையையும் சுமந்து செல்பவருக்குப் ‘பிட்டூ’ என்று பெயர். கேதார்நாத்திலும் இச்சொல் வழங்கும். முதுகைக் குறிக்கும் இந்திச் சொல்லான ‘பீட்’ என்பதோடு தொடர்புடையது இது. இதன் மூலம் சமஸ்கிருதப் ‘பிருஷ்டம்’. (அச்சொல் தமிழுக்கு வரும் வழியில் முதுகிலிருந்து சற்றுக் கீழே இறங்கிவிட்டது என்பது தனிக்கதை.) இந்திய ராணுவத்தில் வீரர் முதுகில் சுமக்கும் பைக்கும் பிட்டூ என்றே பெயர். அன்றாட இந்தியில் இதற்கு மூன்றாவதாக ஒரு பொருளும் உண்டு: அடிவருடி. மிசோ மொழி குழந்தையையும் சுமையையும் இரு வினைகளாகப் பிரித்தது. இங்கேயோ பையும் அதைச் சுமக்கும் மனிதனும் ஒரே சொல்லுக்குள் அடங்கினர்; போதாததற்கு ஒரு வசையும் சேர்ந்துகொண்டது. தமிழ்க் காதுக்குப் பிட்டூ என்றதும் பிட்டுக்கு மண் சுமந்த கதை நினைவுக்கு வரும். ஒலி ஒற்றுமை தற்செயலானது. ஆனால் அந்தக் கதையிலும் அடி விழுந்தது கூலியாளின் முதுகில்தான்.

இப்போது விற்பனைக்கு வரும் சட்டப்பையின் பிறப்பிடம் அமெரிக்கா. இரண்டாம் உலகப் போரில் மலைப்படையில் பணியாற்றிய ஜெர்ரி கன்னிங்ஹாம், 1946இல் கொலராடோவில் தொடங்கிய தம் நிறுவனத்தின் வழியே சட்டமிட்ட குழந்தைப் பையை மலையேறிகளிடம் பரப்பினார். 1952இல் கலிபோர்னியாவில் டிக் கெல்டி அலுமினியச் சட்டப் பைகளைச் செய்யத் தொடங்கினார். மனைவி நீனா அவற்றைத் தைத்தார். தோளில் தொங்கிய எடையை இடுப்பெலும்புக்கு மாற்றியதே அந்தப் பையின் சாதனை. 1960களில் டோகோ நாட்டில் பணியாற்றிய செவிலியர் ஆன் மூர், அங்கே தாய்மார் குழந்தையைத் துணியால் கட்டிச் சுமப்பதைக் கண்டு, ஊர் திரும்பித் தம் தாயார் தைத்துத் தந்த பையிலிருந்து ‘ஸ்னக்லி’யை உருவாக்கி, 1969இல் காப்புரிமை பெற்றார். ஆப்பிரிக்கத் தாய்மாரின் துணிக்கட்டு ஒரு காப்புரிமையாயிற்று. டோகோவின் அந்தத் தாய்மாரின் பெயர்கள் எந்த ஆவணத்திலும் இல்லை.

ஆக, நெற்றிக்குப் பழகாத உடலுக்கு இடுப்பே தகுந்த இடம். பையைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது துணியின் நிறத்தையன்று, இடுப்புப் பட்டையை. அது வயிற்றில் பதியாமல் இடுப்பெலும்பின் மேல் பதிகிறதா, முதுகின் நீளத்துக்கேற்பச் சட்டத்தை ஏற்றி இறக்க முடிகிறதா என்பதைக் கடையிலேயே எடை வைத்துச் சுமந்து பார்ப்பது நல்லது. தாயும் தந்தையும் மாறிமாறிச் சுமப்பதானால் இது இன்னும் முக்கியம். குழந்தை தானாக உட்காரவும் தலையை நிறுத்தவும் பழகியிருக்க வேண்டும். பெரும்பாலும் அது ஆறு மாதத்துக்குப் பிறகே. பல பைகளின் எடை வரம்பு ஏறத்தாழ 22 கிலோ. குழந்தை, தண்ணீர், மாற்றுத் துணி எல்லாம் அதற்குள்ளா, குழந்தை மட்டுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கால்களுக்கு மிதிவளையம் இல்லாத பையில் நெடுநேரம் தொங்கும் கால்கள் மரத்துப்போகும்.

இமயமலையில் இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. சுமப்பவருக்கு வியர்க்கும், அசையாமல் அமர்ந்திருக்கும் குழந்தைக்குக் குளிரும். முதுகுத் துணியில் தாயின் உடற்சூடு குழந்தைக்குக் கிடைக்கும். காற்றுப் புக இடைவெளி விட்ட சட்டப்பையில் அது கிடைக்காது. தலைவலி, மூச்சுத்திணறல் என்று சொல்லத் தெரியாத வயதுக் குழந்தையை 3,000 மீட்டருக்கு மேல் விரைந்து கொண்டுசெல்வதை எந்தப் பையும் பாதுகாப்பானதாக ஆக்கிவிடாது. அரை மணிக்கு ஒருமுறை இறக்கிக் கையையும் காலையும் தொட்டுப் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

தம் குழந்தையைத் தாமே சுமப்பவர் பிட்டூவை அமர்த்தியவரைவிட உயர்ந்தவர் என்ற தொனி இன்று மலைநடை ஆர்வலரிடையே கேட்கிறது. 1921இல் ஆற்றில் போனது கட்டாயம், தொழில் அன்று. கட்ராவில் அந்தக் கூலியை நம்பி அடுப்பெரியும் வீடுகள் பல. அவர்களுக்கு வந்திருக்கும் அச்சம் இந்தச் சட்டப்பையால் அன்று. தாராகோட்டிலிருந்து சாஞ்சிசத் வரை கம்பிவட ஊர்தி அமைக்கும் திட்டத்தை எதிர்த்து, 2024 நவம்பரிலும் டிசம்பரிலும் கட்ராவில் கடையடைப்பும் வேலைநிறுத்தமும் நடந்தன. கடைக்காரர்களோடும் பல்லக்குத் தூக்குவோரோடும் மட்டக்குதிரைக்காரர்களோடும் பிட்டூக்களும் அன்று சுமையை இறக்கிவைத்துவிட்டுத் தெருவில் நின்றனர்.