ஒற்றை ஆள் கோஷ்டி

ஒரகடத்தில் நான் குடியிருக்கும் வீட்டு மாடி அறையில் ஒரு தொழிற்சாலைப் பையன் இருக்கிறான். ஷிஃப்ட் முடிந்து வந்து, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, கிதாரைக் கம்ப்யூட்டரில் இணைத்து வாசிக்கிறான். ஒரு வாசிப்பு, அதன்மேல் இன்னொன்று, அதற்கும் மேல் மூன்றாவது. கீழே எனக்குக் கேட்பது தந்தி அதிர்வு மட்டும், துண்டு துண்டாக. முழுப் பாட்டும் அவன் ஹெட்ஃபோனுக்குள் இருக்கிறது.

இந்தப் பழக்கத்தின் சரித்திரத்தில் ஒரு காருக்கும் பங்குண்டு என்பது இந்த ஊர்க்காரனான எனக்குச் சுவாரஸ்யமான விஷயம். அமெரிக்க கிதார்க்காரர் லெஸ் பால், ஹாலிவுட் வீட்டுக் கார் ஷெட்டில், இசைத்தட்டு வெட்டும் எந்திரம் ஒன்றைத் தானே செய்துகொண்டார். அதைச் சீராகச் சுழற்றியது காடிலாக் காரின் ஃப்ளைவீல். ஒரு தட்டில் வாசித்துப் பதிந்து, அதை ஓடவிட்டுக் கூடவே வாசித்து, இரண்டையும் சேர்த்து அடுத்த தட்டில் பதிவார். 1948இல் வந்த 'லவர்' இப்படி எட்டு கிதார்கள் சேர்ந்தது. எல்லாம் ஒரே ஆள். எட்டாவதில் விரல் தவறினால் அந்தத் தட்டு வீண். அது மட்டுமல்ல, ஒவ்வொரு பிரதியிலும் பழைய அடுக்கு மங்கும். ஆகவே முக்கியமில்லாததை முதலில் வாசித்தார். 1957இல் ஆம்பெக்ஸின் எட்டுத் தட நாடா எந்திரம் அவர் கைக்கு வந்தபின் இந்தத் தொல்லை தீர்ந்தது. இப்போது ஐஃபோனிலேயே பல தடங்களில் பதியலாம். அந்தச் செயலிக்குப் பெயர் கராஜ்பேண்ட். கார் ஷெட் பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இங்கே கோடம்பாக்கத்தில் வெகுகாலம் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள். ஒரு வயலின் பிசகினால் கோஷ்டி முழுவதும் மறுபடி. 1989இல் ஏ.ஆர்.ரஹ்மான் வீட்டு வளாகத்திலேயே ஒலிப்பதிவுக்கூடம் கட்டினார், 1992இல் 'ரோஜா'. ஒருவர் வருவார், தன் பங்கை வாசிப்பார், போவார். சினிமா சரித்திரக்காரர்கள் இதைத் தொழில்நுட்ப வளர்ச்சி என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். வாத்தியக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது நின்றுபோனதைப் பற்றி அவர்களுக்கு அக்கறை இல்லை.

கச்சேரியில் மிருதங்கக்காரர் பாடகரைச் சில சமயம் மடக்குவார். அடுக்குப் பதிவில் பக்கவாத்தியம் தன்னுடைய நேற்றைய வாசிப்புதான். அது எதிர்த்துப் பேசாது. கவிஞனும் தனி ஆள்தானே என்று நண்பர் ஒருவர் கேட்டார். கவிஞனுக்கு எதிரே மொழி இருக்கிறது, அது இடக்குப் பண்ணும் என்றேன். பதில் எனக்குத் திருப்தியாகவே இருந்தது, போன ஞாயிறு வரை.

அன்று மாடிப் பையன் ஹெட்ஃபோனை என் காதில் மாட்டினான். மூன்று கிதார்கள். நடுவில் இருப்பது தாளத்தைவிடக் கொஞ்சம் முந்துகிறது. திருத்தக்கூடாதா என்றேன். கம்ப்யூட்டரில் இழுத்துச் சரிசெய்வது அரை நிமிஷ வேலை.

"அது நான் இல்ல சார். ரூம்ல இருந்த பையன். அவனுக்கு நைட்டு, எனக்குப் பகல். நான் வாசிச்சு வெச்சிட்டுப் போவேன், அவன் அது மேல வாசிச்சு வெச்சிட்டுத் தூங்குவான். சேர்ந்து உட்கார்ந்ததே இல்ல. கான்ட்ராக்ட் முடிஞ்சு ஊருக்குப் போயிட்டான்."

மூன்றாவது கிதாரை மறுபடி கேட்டேன். அந்த முந்தலுக்கு ஈடாக அதுவும் முந்திக்கொண்டிருந்தது.